நவநீதம் மகால் நாற்காலிகள்

நவநீதம் மகால்,
ஸ்ரீரங்கம்
3.8.2025

அன்புள்ள லின்சி,

நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும், உன் கடிதங்களை உனக்கு முன்னால் படிக்கும் மதர் எமிலியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். வாசகர் இரண்டு பேர் இருக்கும்போது ஒருவரை மட்டும் நலம் விசாரிப்பது மரியாதை இல்லை.

முகவரியைப் பார்த்துவிட்டு எனக்குக் கல்யாணம் என்று ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடாதே. ஆய்வகம்தான் இடம் மாறியிருக்கிறது. பழைய இடம் நெடுஞ்சாலை ஓரம். லாரி போகும்போதெல்லாம் என் கண்ணாடிகள் நடுங்கின. அதிர்வில்லாத நிலம் தேடி, அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு திருச்சி முழுக்கச் சுற்றினேன். அரியமங்கலத்தில் லேத்து. கைலாசபுரத்தில் தொழிற்சாலை. சமயபுரத்தில் வேட்டு. கடைசியில் கருவி அசையாமல் நின்ற இடம், கொள்ளிடக் கரையில் ஒரு கல்யாண மண்டபம். ஆற்று மணல் எல்லா அதிர்வையும் குடித்துவிடுகிறது. கார் நிறுத்த இடமில்லை என்று அங்கே யாரும் கல்யாணம் வைப்பதில்லை. எங்கள் நிறுவனம் அதைக் குத்தகைக்கு எடுத்துவிட்டது.

பந்தி ஹாலில் ஒளிச் சோதனைகள் நடக்கும் ஆப்டிகல் மேஜை. மணமகள் அறையில் லேசர், ஏசி அங்கே மட்டும்தான் வேலை செய்கிறது. மணமகன் அறையில் நான். ஸ்டோர் ரூமில் நானூறு இரும்பு நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ‘நவநீதம் மகால்’ என்று சிவப்பு பெயின்ட். உரிமையாளர் நவநீதன் போட்ட ஒரே நிபந்தனை, நாற்காலி மண்டபத்தை விட்டு வெளியே போகக்கூடாது. “உங்க ஆராய்ச்சி எத்தனை நாளைக்கு ஓடும்னு யாருக்குங்க தெரியும்? நாற்காலி என்னைக்கும் வேணும்ல?” என்றார். என் துறையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

நீ மடத்துக்குப் போகும் முன் ஒரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தவள். உனக்கு விளக்க வேண்டியதில்லை. மதருக்காக எழுதுகிறேன். ஒரு படிகத்துக்குள் லேசரைச் செலுத்தினால், எப்போதாவது ஒளித்துகள்கள் இரட்டையாகப் பிறக்கும். அந்த இரண்டையும், பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் ஒரு கண்ணாடியில் சந்திக்க வைக்கிறோம். இரண்டும் எந்த வித்தியாசமும் இல்லாத அச்சு அசல் இரட்டை என்றால், எப்போதும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்தே வெளியேறும். இதை நம்பி ஒரு நாள் கணினி கட்டலாம் என்று உலகத்தில் பல பேர் சம்பளம் வாங்குகிறோம். துகள் வந்து சேர்ந்தால் டிடெக்டர் ஸ்பீக்கரில் ஒரு தட்டுத் தட்டும்.

என் டிடெக்டர் யாரும் வராமலே தட்டுகிறது. பாதிக்குப் பாதி பொய்த் தட்டல். வருஷக் கடைசியில் மதிப்பாய்வுக் குழு வருகிறது. அதற்குள் இரைச்சல் அடங்காவிட்டால் ஆய்வகத்தை மூடி, மேஜையை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கனடாவில் ஒரு கம்பெனி கூப்பிடுகிறது, அந்தக் கடிதம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். “அங்க மாதா கோயில் பக்கத்துல இருக்குமாடா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தூங்கப் போய்விட்டார்.

நேற்று மதியம் மணமகன் அறையில் கண் அசந்தபோது ஒரு கனவு. இருட்டுப் பந்தி ஹாலில் நானூறு நாற்காலியிலும் ஆட்கள். எதிரே இலை. யாரோ வாளியில் ஒளியை எடுத்து வந்து, கரண்டியால் ஒவ்வொரு இலையிலும் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு போகிறார்கள். முகம் தெரியவில்லை. என் இலைக்கு வரும் முன் விழித்துவிட்டேன்.

உன் அண்ணன்,
பெனடிக்ட்

*

மலை மடம்
31.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் ஆண்டவர் துணை. இங்கே எல்லோருக்கும் சளி, ஜெபத்தில் இருமல்தான் உரத்துக் கேட்கிறது. அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறாயா, தேய்த்துவிட்டதாகச் சொல்கிறாயா?

கல்யாண மண்டபத்தைப் படித்துச் சாப்பாட்டு மேஜையில் சிரித்துவிட்டேன். பேசாமல் சாப்பிட வேண்டிய நேரம். பிராயச்சித்தமாக ஒரு வாரம் கோழிக்கூண்டு என் பொறுப்பு.

நீ மறந்திருப்பாய் என்பதால் விதிகளைத் திரும்பச் சொல்கிறேன். மாதம் ஒரு கடிதம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் கடிதம் எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. வந்தால் மதரிடம் இருக்கும். ஆபீஸில் இருக்கும் தொலைபேசி மரணச் செய்திக்கு மட்டும். உன் ஆய்வகம் மூடுவது அதில் சேராது என்று மதர் சொல்கிறார்.

விடியலுக்கு முன் கோயிலில் இருட்டில் உட்கார்ந்திருப்போம். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து பெஞ்சில் உட்காரும். எங்கோ மரம் முறியும் ஒரு சத்தம், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. உன் டிடெக்டரின் ஸ்பீக்கரை ஞாபகப்படுத்திக்கொள்வேன். எனக்கு அந்தத் தட்டலைவிட, இரண்டு தட்டலுக்கு நடுவில் இருந்ததுதான் பிடித்திருந்தது.

ஜெபத்தில் நினைக்கும்,
லின்சி

(கீழே வேறு கையெழுத்தில்: அன்பு பேராசிரியருக்கு, இரட்டைத் துகள் விளக்கம் புரிந்தது. நன்றி. மதர் எமிலி.)

*

ஸ்ரீரங்கம்
5.10.2025

அன்புள்ள லின்சி,

இங்கே மூன்று பேரும் நலம். மூன்றாவது ஆள் பிச்சை, ஆய்வக உதவியாளர், வயது ஐம்பத்தைந்து. மண்டபத்தில் சமையல் பாத்திரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். மண்டபத்தோடு சேர்த்து வந்தார்.

வாசலில் பழைய போர்டு அப்படியே இருப்பதால் இன்னும் ஆட்கள் தேதி கேட்டு வருகிறார்கள். சென்ற வாரம் ஒரு குடும்பம் தாம்பூலத் தட்டோடு வந்துவிட்டது. பிச்சை அவர்களிடம், “மன்னிக்கணுங்க, உள்ள ஏற்கனவே ஒரு ஜோடிக்கு வருஷக்கணக்கா முயற்சி பண்ணிக்கிட்டு இருக்காரு சார்,” என்று சொல்லி அனுப்பினார். வெளியே போனவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஆயுத பூஜை நல்லபடியாக நடந்தது. எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், பூ வைத்தே தீருவேன் என்றார் பிச்சை. “மேஜையில் விரல் பட்டால் நம் இரண்டு பேர் வேலையும் போகும்,” என்றேன். பேரம் நடந்தது. ஸ்டெபிலைசருக்கு, ஏசிக்கு, பம்புக்கு, மேஜையை மூடியிருக்கும் கறுப்புப் பெட்டியின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் என்று முடிவாயிற்று. அவல், பொரி சாப்பிட்டோம். திருச்சியில் படித்து, ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்து, உடைக்கும் பூசணிக்காயோடு வைக்க எலுமிச்சம்பழம் தேடிக்கொண்டிருந்தேன்.

பெரிய செய்தி இனிமேல்தான். இரைச்சல் அடங்கிவிட்டது! விடுமுறையில் ஒரு புது ஃபில்டர் மாட்டினேன். மறுநாளிலிருந்து பத்துத் தட்டலில் ஒன்றுகூடப் பொய் இல்லை. மூன்று வருஷம் தேடியது ஒரு துண்டுக் கண்ணாடியில் இருந்திருக்கிறது. கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டேன். கனடா கடிதத்தின் மேல் பொரிப் பொட்டலத்தை வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு எண்ணெய் தேய்க்கிறேன். சத்தியமாக.

பெனடிக்ட்

*

மலை மடம்
9.11.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சமாதானம் உண்டாகட்டும். சளி போய்விட்டது, மேகம் போகவில்லை. இது திருவருகைக் காலத்துக்கு முந்தைய கடைசிக் கடிதம்.

இரைச்சல் அடங்கியதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் பழைய பழக்கம், கேட்காமல் இருக்க முடியவில்லை. அடக்கியது ஃபில்டர்தான் என்று எப்படித் தெரியும்? அந்த வாரத்தில் வேறு எதையும் மாற்றவில்லையா? ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். நல்ல முடிவு வந்த பிறகு நீ எதையும் கழற்றுவதில்லை.

என் செய்தியும் ஒன்று. சபை வாக்களித்துவிட்டது. வரும் ஜூலை பதினாறு, கார்மேல் மாதா திருநாள் அன்று என் நித்திய வார்த்தைப்பாடு. அதற்குப் பிறகு நான் இந்தச் சுவருக்குள்தான், சாகும்வரை. எழுதும்போது பெரிதாகத் தெரிகிறது. மனதுக்குள் அது ரொம்பச் சின்னதாக, லேசாக இருக்கிறது, இருட்டில் உள்ளங்கையில் விழுந்த மழைத்துளி மாதிரி. அன்று நீயும் அம்மாவும் வர வேண்டும். எங்களையும் வெளியாட்களையும் பிரிக்கும் கிராதிக்கு வெளியே உட்கார வைப்பார்கள்.

ஐந்து வருஷமாக இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன், அண்ணா. 

லின்சி

(கீழே: ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது என்று எனக்கும் படுகிறது. எமிலி.)

*

ஸ்ரீரங்கம்
18.1.2026

அன்புள்ள லின்சி,

பொங்கல் வாழ்த்து உனக்கும் மதருக்கும். ஜூலை பதினாறை அம்மா காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார். டெய்லரிடம் ரவிக்கைத் துணியும் போய்விட்டது.

ஃபில்டரைக் கழற்றவில்லை. இரண்டு பேர் சொன்னதால் இன்னும் பிடிவாதமாகக் கழற்றவில்லை.

மதிப்பாய்வு மார்ச் பதினொன்று, பன்னிரண்டு. குழுவினர் முதலில் வைகுண்ட ஏகாதசியன்றுதான் கேட்டார்கள். தரிசன பாஸ் கிடைக்காததால் அறிவியல் இரண்டரை மாதம் தள்ளிப்போயிற்று. முதல் நாள் ஆய்வகம், இரண்டாம் நாள் காலை பெருமாள் தரிசனம், திரும்பி வந்து கையெழுத்து.

அதற்காக என் வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. பதினெட்டு வயதில் கல்லூரி ஆய்வகத்தில் சோப்பு நுரையில் நிறம் பார்த்தது, ஜெர்மனியில் ஏழு வருஷம் ஜன்னல் இல்லாத அறை, பிறகு வியன்னாவில் இன்னொரு ஜன்னல் இல்லாத அறை, இப்போது பந்தி ஹால். என்னோடு படித்தவர்கள் கம்பெனிகளில் சில்லில் கணினி செதுக்குகிறார்கள். ஒளியைப் பற்றிப் படிக்கிறேன் என்று சொல்லி இருபத்தைந்து வருஷத்தை இருட்டில் கழித்திருக்கிறேன். படித்துப் பார்த்தால் துறவி வாழ்க்கை மாதிரி இருக்கிறது. நம் வீட்டில் யாருக்கு மடம், யாருக்கு ஆய்வகம் என்று எங்கோ சீட்டு மாறியிருக்கலாம்.

அம்மா இந்த வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறிவு இல்லை. தனியாக மட்டும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் இங்கே இருக்கும்போது எதிர்வீட்டு லூர்தம்மாள் வந்து உட்கார்ந்திருக்கிறார். நீ கவலைப்படாதே.

கனவு திரும்ப வந்தது. இலையில் வெளிச்சம் விழுந்தது, யாரும் சாப்பிடவில்லை. எல்லோரும் யாருக்காகவோ காத்திருந்தார்கள்.

பெனடிக்ட்

*

மலை மடம்
12.2.2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவரின் அமைதி உன்னோடு. நான் நலம். அம்மாவைப் பற்றி ‘இந்த வாரம்’ என்று எழுதியிருந்தாய். எந்தக் கிழமை? தலையில் அடிபட்டதா? யார் தூக்கினார்கள்? இதையெல்லாம் நீ எழுதவில்லை.

ஒருவேளை மார்ச்சில் சரியாக நடக்காமல் நீ கனடா போனால் அம்மாவோடு யார் இருப்பார்கள்? லூர்தம்மாளுக்கே எழுபது வயது. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் தவக்காலம் வந்துவிடும், நான் ஈஸ்டர் அன்றுதான் படிப்பேன். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரவிக்கையை உடனே தைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். அளவு மாறும். அவசரம் இல்லை.

இங்கே பனி அதிகம். கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

லின்சி

(இந்தக் கடிதத்தின் கீழே மதர் எதுவும் எழுதவில்லை.)

*

ஸ்ரீரங்கம்
24.2.2026

அன்புள்ள லின்சி,

ஈஸ்டர் வாழ்த்துகள். நீ படிக்கும்போது ஈஸ்டராக இருக்கும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா நலம். விழுந்தது செவ்வாய்க்கிழமை, தலையில் படவில்லை, தூக்கியது நான்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். எனவே சௌகரியமாக எழுதலாம், கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி.

குழு வருகிறது என்று நிறுவனத்திலிருந்து சுத்தம் செய்ய ஒரு பட்டாளத்தை அனுப்பினார்கள். சுவருக்கு வெள்ளை, தரைக்கு பினாயில், வாசலுக்கு மாவிலை. நான் காவல் நின்றேன். கறுப்புப் பெட்டியை அவர்கள் திறக்கவே இல்லை, வெளியே ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. உள்ளே ஒரு தூசி விழவில்லை. மறுநாள் ஸ்பீக்கரைப் போட்டேன். தகரக் கூரையில் மழை மாதிரி கொட்டுகிறது. பழையபடி பாதிக்குப் பாதி பொய்.

நீ சொன்னபடி இப்போது ஃபில்டரைக் கழற்றினேன். கழற்றினாலும் அதே இரைச்சல், மாட்டினாலும் அதே இரைச்சல். அந்தக் கண்ணாடித் துண்டு இந்த ஐந்து மாதமும் சும்மாதான் இருந்திருக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்.

விளக்குகளை அணைத்த பிறகு ஹாலில் ஒரே ஒரு வெளிச்சம்தான் மிஞ்சும், தீயணைப்புத் துறை விதிப்படி அணைக்கவும் மூடவும் கூடாத பச்சை ‘வெளியே’ விளக்கு. அதற்காகத்தான் அந்தக் கறுப்புப் பெட்டியே. பெட்டியைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன், கசிவு தெரியவில்லை.

கனடாவுக்குச் சரி என்று எழுதி வைத்திருக்கிறேன். குழு போனதும் அனுப்புவேன். ஜூனில் சேர வேண்டும், உன் ஜூலை பதினாறுக்கு நான் இருக்க மாட்டேன். அம்மா வர மாட்டேன் என்கிறார். “நீ போ. நான் இங்கேயே கதவைச் சாத்திக்கிட்டு இருந்துக்கறேன். உன் தங்கச்சி இருக்கால்ல, அந்த மாதிரி,” என்றார். 

பெனடிக்ட்

*

மலை மடம்
3.3.2026

அன்பு பேராசிரியர் பெனடிக்ட் அவர்களுக்கு,

வணக்கம். இது தவக்காலம். சகோதரிகளின் சொந்தக் கடிதங்கள் நின்றிருக்கின்றன. இது நிர்வாகக் கடிதம்.

உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை விதிப்படி படித்து, விதிப்படி சகோதரி லின்சிக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். ஆய்வகம் மூடி நீங்கள் வெளிநாடு போனால், ஜூலையில் வார்த்தைப்பாடு கொடுக்காமல் வீடு திரும்பி அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவள் என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறாள். உங்களுக்குத் தெரியக்கூடாது என்றும் கேட்டாள். நான் தலையாட்டவில்லை.

அவள் போவதை என்னால் தடுக்க முடியாது. இங்கே பதினோரு பேர் இருக்கிறோம், அதில் ஏழு பேர் என்னைவிட மூத்தவர்கள். உங்கள் டிடெக்டரால் எனக்கு ஒரு ஆள் குறைவது நிர்வாகப் பிரச்சினை. ஆகவே எழுதுகிறேன்.

நான் இயற்பியல் படிக்கவில்லை. உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்து ஒரே மூச்சில் படிக்கும் உத்தியோகம் மட்டும் எனக்கு இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பிறகு அடங்கியது. ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்த பிறகு திரும்ப வந்தது. இடையில் அந்தப் பெட்டியின் மேல் இருந்து, இப்போது இல்லாமல் போனது என்ன? கோயில் சாமான்களைத் துடைத்து வைத்தே நாற்பது வருஷம் ஆன எனக்கு இந்த ஒரு கேள்விதான் தோன்றுகிறது. பிச்சை எங்கே பொட்டு வைத்தார் என்று கேளுங்கள்.

உங்கள் தாயாருக்கு என் ஜெபங்கள்.

மதர் எமிலி

*

ஸ்ரீரங்கம்
14.3.2026

மதிப்புக்குரிய மதர் எமிலி அவர்களுக்கு,

பணிவான வணக்கம். அம்மா நலம். தாங்களும் மற்ற பத்துப் பேரும் நலமாக இருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஒருவர் குறையாமல்.

உங்கள் கடிதம் எங்கள் நிறுவன முகவரிக்கு வந்து, பதிவெண் வாங்கி, மூன்று பேர் சுருக்கொப்பம் போட்டு, மதிப்பாய்வின் இரண்டாம் நாள் காலைதான் பிச்சை கையில் வந்து சேர்ந்தது. முந்தைய நாளே நாங்கள் தோற்றிருந்தோம். குழுத் தலைவர் பேராசிரியர் சாரநாதன், டெல்லியில் இருப்பவர், ஸ்பீக்கரைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “என்ன சார் இது, ஆலங்கட்டி மழையா?” என்று கேட்டார். பிறகு கோயில் நடை திறக்கும் நேரம் விசாரித்தார்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை லின்சிக்காக. அப்போது பொட்டு என்ற வார்த்தை கண்ணில் படவே இல்லை. இரண்டாம் முறை அந்த வார்த்தையில் கண் நின்றது. பிறகு பிச்சையைக் கூப்பிட்டேன்.

“ஆயுத பூஜைக்குப் பெட்டியில எங்க பொட்டு வெச்சீங்க?”

“வெளியிலதான் சார். உள்ள தொடல. சமயபுரத்தா மேல ஆணையா.”

“வெளியில எங்க?”

“காலடியில சார், பின்பக்கமா. முன்னால வெச்சா நீங்க சத்தம் போடுவீங்களேன்னு.”

தரையில் படுத்துக் காட்டினார். மேஜைக் காலுக்கும் பெட்டிக்கும் நடுவே, நின்றபடி டார்ச் அடிக்கும் யாருக்கும் தெரியாத மூலையில் ஒரு ஸ்க்ரூ ஓட்டை. நேர் எதிரே சுவரில் பச்சை விளக்கு, அதன் வெளிச்சம் நேராகப் பெட்டிக்குள் போக வழி.

“இங்க ஸ்க்ரூ இல்லையே?”

“அது மேஜை இங்க வந்தப்பவே இல்ல சார். குழியா இருந்துச்சா, சந்தனம் சிந்தாம நின்னுச்சு.”

டேப் ஒட்டப் பார்த்தேன். அந்த இடுக்கில் விரல் நுனி மட்டும்தான் போகிறது. சந்தனம் கேட்டேன். சுத்தம் செய்த பட்டாளம் அதையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. அதற்குள் வாசலில் கார் சத்தம். குழு தரிசனம் முடித்துக் கையெழுத்துப் போட வந்துவிட்டது. பேராசிரியர் நெற்றியில் புதுத் திருமண், கழுத்தில் துளசி, கையில் இலைப் பொட்டலம்.

“கையில என்னங்க சார்?”

“தாயார் சந்நிதி மஞ்சள் காப்பு. ஏன் கேக்கறேள்?”

“எனக்குக் கொஞ்சம் கிடைக்குமா?”

அவர் என் சட்டையில் இருந்த பெயர் அட்டையைப் பார்த்தார். “பெனடிக்ட்தானே நீங்க?”

“ஆமாங்க சார்.”

அவர் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினார். “தாராளமா எடுத்துக்கோங்கோ. அவ எல்லாருக்கும் தாயார்.”

ஓட்டை அடைக்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிச்சை பயபக்தியோடு வாங்கி, தரையில் படுத்து, விரலால் அப்பினார். சந்தனத்துக்குப் பதில் மஞ்சள். ஒளிக்கு சம்பிரதாய பேதம் தெரியவில்லை.

விளக்குகளை அணைத்தோம். மழை நின்ற மாதிரி ஹால் அமைதியானது. கொள்ளிடத்தில் யாரோ மாட்டைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு ஒரு தட்டல். நெடுநேரம் ஒன்றுமில்லை. இன்னொரு தட்டல். திரையில், இரண்டும் ஒரே வாசல் வழியாகப் போவது கோடு கோடாக விழுந்தது. பச்சை வெளிச்சத்தில் பேராசிரியரின் திருமண் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. எனக்கு என் கனவு ஞாபகம் வந்தது, இந்த முறை என் இலைக்கும் வந்துவிட்டார்கள்.

“இப்பத்தான் சார் ரெண்டும் சேந்து போகுது,” என்று பிச்சை மெதுவாகச் சொன்னார்.

மூன்று வருஷம் நீட்டிப்பு. குழுக் குறிப்பில் ‘ஆய்வாளரின் ஈடுபாடு குறிப்பிடத்தக்கது’ என்று இருக்கிறது. ஃபோட்டானுக்காக நீட்டித்தார்களா, மஞ்சளுக்காக நீட்டித்தார்களா என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, மஞ்சளைத் துடைத்துவிட்டு இன்னொரு குழுவை வரவழைப்பது. அறிவியல் அதைத்தான் கோருகிறது. நான் கோரவில்லை. 

அன்று சாயங்காலமே கனடாவுக்கு வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது, “டெய்லர் கடை எத்தனை மணி வரைக்கும்டா?” என்றார்.

ஒரே ஒரு வேண்டுகோள். லின்சி உங்களிடம் என்ன கேட்டாள் என்பது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

நன்றியுடன்,
பெனடிக்ட்

*

மலை மடம்
6.4.2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

அல்லேலூயா! தவக்காலம் முழுக்க இந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்துவிட்டு நேற்று சொன்னபோது ஆளுக்கொரு சுருதியில் ஆரம்பித்துவிட்டோம். உனக்கும் அம்மாவுக்கும் உயிர்ப்புத் திருநாள் மகிழ்ச்சி. பிச்சை அவர்களுக்கும் சொல்.

நேற்று காலையில் மதர் உன் பிப்ரவரிக் கடிதத்தைக் கொடுத்து, “பழைய செய்தி, பயப்படாமல் படி,” என்றார். கனடா பத்தியில் நின்றுவிட்டேன். திருப்பினால் பின்பக்கம் அவர் பென்சிலால் ‘மூன்று வருஷம் நீட்டிப்பு’ என்று எழுதியிருக்கிறார். தோட்டத்துக்குப் போய் கோழிக்கூண்டுப் பக்கம் நின்றேன். இரைச்சல் எப்படி அடங்கியது என்று மதரிடம் கேட்டேன். “அது நிர்வாக விஷயம்,” என்றார். எங்களுக்குக் கீழ்ப்படிதல் உண்டு என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை. நீயும் சொல்ல மாட்டாய் என்று தோன்றுகிறது.

ஜூலை பதினாறு காலை பத்து மணி. பிப்ரவரியில் நான் அதைப் பற்றி எழுதாமல் விட்டேன், பனியில் கை விறைத்திருந்தது. வேறொன்றுமில்லை. ரவிக்கையைத் தைக்கச் சொல்.

ஒரு சிக்கல். கிராதிக்கு வெளியே நான்கு பெஞ்சுதான் இருக்கிறது. திருச்சியிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வருவதாக அம்மா மதருக்கு எழுதியிருக்கிறார். உன் ஸ்டோர் ரூமில் நானூறு நாற்காலி இருக்கிறதே. ஐம்பது போதும். மண்டபத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனை, ஆண்டவரோடு நடக்கும் இந்த மாதிரிக் கல்யாணத்துக்கும் உண்டா என்று நவநீதன் அவர்களிடம் கேட்டுச் சொல்.

இன்று விடியலில் மேகம் இல்லை. வெறும் இருட்டு. அதில் நெடுநேரம் ஒன்றுமில்லாமல் இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

லின்சி

(கீழே: அன்பு பேராசிரியருக்கு, நாற்காலிகளின் முதுகில் எழுதியிருப்பதை அழிக்க வேண்டாம், எங்கள் சபைக்கு ஆட்சேபம் இல்லை. பிச்சை அவர்களையும் அழைத்து வாருங்கள். மஞ்சள் வேண்டாம், இங்கே ஓட்டைகளை நாங்கள் மெழுகால் அடைக்கிறோம். உங்கள் தாயாரை முதல் வரிசையில் கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள். அன்று ஒரு மணி நேரம் கிராதியின் திரையை விலக்கி வைக்க விதியில் இடமிருக்கிறது. விதிகளையும் இங்கே முதலில் படிப்பது நான்தான். எமிலி.)